செயலாளர் அறிக்கை: பூண்டிப் பதிகமும் நாமும்

அனைவருக்கும் வணக்கமுங்க.

நம் வாசகர் வட்டம் இந்த ஆண்டும் மாதம் ஒரு ஞாயிறு கூடியது. ஐப்பசிக் கூட்டம் மட்டும் மழையில் போனது. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். நான் சொல்ல வேண்டியது, சுந்தரர் பாடிய திருமுருகன்பூண்டிப் பதிகத்தோடு (பதிகம் என்றால் பத்துப் பாட்டு அளவிலான பக்திப் பாடல்) மல்லுக்கட்டிய மூன்று கூட்டங்களைப் பற்றி.

சேர மன்னர் சேரமான் பெருமாள் கொடுத்தனுப்பிய பொருளை வழியில் வேடுவரிடம் பறிகொடுத்த சுந்தரர், சிவனையே கேள்வி கேட்டுப் பாடியது அது. முதல் பாட்டின் நான்கு அடிகளும் கொடுகு, திடுகு, முடுகு, இடுகு என்று தொடங்குகின்றன. எதுகைக்கு இரண்டாம் எழுத்து ஒன்றினால் போதும். இங்கே மூன்றாவதும் கூட வருகிறது. ‘திடுகு’ என்பது வழிப்பறிக்காரன் போடும் அதட்டல். அந்த அதட்டலே எதுகையாக உட்கார்ந்துவிட்டதுதான் எனக்குப் பிடித்த இடம்.

சண்டை வந்தது சீர் பிரிப்பில், அதாவது பாட்டின் அடியை ஓசைக்கு ஏற்பத் துண்டு துண்டாக வெட்டுவதில். நான் இரண்டு புத்தகங்களிலிருந்து ஜெராக்ஸ் எடுத்துக் கொடுத்துவிட்டேன். ஒன்றில் ‘வாழ்முரு கன்பூண்டி’, மற்றதில் ‘வாழ் முருகன்பூண்டி’. முன்னது கூவிளம், தேமாங்காய் என்று இரண்டு அசை, மூன்று அசைச் சீர்களாக ஒழுங்காக விழும் (அசை என்பது சீருக்குள் இருக்கும் சிறு ஒலித்துண்டு). பின்னதைச் சொல்லுக்குச் சொல் வெட்டியவர்களுக்கு ‘முருகன்பூண்டி’ நாலசைச் சீராகிவிட்டது. ஒரு மணி நேரம் வாய்த்தகராறு. தப்பு என்னுடையதுதான். கடைசியில் தறி ஓட்டும் உறுப்பினர் ஒருவர், “முதல்ல சத்தமாப் படிங்க, அப்புறம் வெட்டிக்கலாமுங்க” என்றார். படித்ததும் காதே பிரித்துக் கொடுத்துவிட்டது.

‘எத்துக்கு இங்கிருந்தீர் எம்பிரானீரே’ என்று பாட்டுக்குப் பாட்டு திரும்பி வருகிறதே, அது வெறும் பல்லவி என்றுதான் நானும் நினைத்திருந்தேன். முதல் பாட்டில் அதற்கு முன்னால் நிற்பது ‘இடுகு நுண்ணிடை மங்கை தன்னொடும்’. திருடர் ஊரில் மனைவியோடு எதற்கு இருக்கிறீர் என்ற கரிசனம். இரண்டாம் பாட்டில் ‘எல்லைக் காப்பதொன் றில்லை யாகில்நீர்’. சரி, காவலும் இல்லை, அப்புறம் எதற்கு இருக்கிறீர்? சொல் அதேதான், கரிசனம் குத்தலாகிவிட்டது. கோபத்திலும் ‘இருந்தீர்’ என்ற மரியாதை விடவில்லை. “எதுக்குங்க இங்க இருக்கீங்க?” என்று நம் பேச்சில் ஒருவர் சொல்லிக் காட்டியபோது கூட்டமே சிரித்தது.

வருகிற ஆண்டு அவினாசிப் பதிகத்தில் தொடங்குகிறோம். பிரதி நான் எடுக்கவில்லை. அவரவர் புத்தகத்தைக் கொண்டு வாருங்கள்.