நம்மில் ஒருவர் எழுதிய நாவல்: வாசகர் வட்டத்தினருக்கு ஒரு திறந்த மடல்

அன்புடையீர்,

வணக்கம். நம் வட்டத்தின் இளைய உறுப்பினர்களில் ஒருவர் இவ்வாண்டு தம்முடைய முதல் நாவலை எழுதி, சீட்டுக் காசை எடுத்துத் தாமே அச்சிட்டு, சனசமூக நிலைய மண்டபத்தில் வெளியிட்டதை நீங்கள் அறிவீர்கள். இந்த மடலில் நான் பேச விரும்புவது அந்த நாவலை வாசித்தவர்களாகிய நம்மைப் பற்றி என்பதால், அவருடைய பெயரையும் நாவலின் பெயரையும் எழுதாமல் விடுகிறேன்.

வெளியீட்டு விழா குறையின்றி நடந்தது. மங்கல விளக்கேற்றல், ஆசியுரை, வாழ்த்துரைகள், வெளியீட்டுரை, நயப்புரை, ஏற்புரை என எதுவும் விடுபடவில்லை. உறைக்குள் காசை வைத்துக்கொண்டு வரிசையில் நின்று நாமும் பிரதிகளைப் பெற்றுக்கொண்டோம். அந்த உறைகளை நான் குறைத்துப் பேசமாட்டேன். 2022ஆம் ஆண்டு நெருக்கடியில் பத்திரிகைகளே பக்கங்களைக் குறைக்கும் அளவுக்குத் தாள் தட்டுப்பட்ட நாட்டில், சொந்தக் காசில் அச்சிடுகிறவருக்கு முதலில் ஒரு பங்காவது திரும்பி வருவது அந்த மேடையில்தான். ஆனால் நயப்புரை நிகழ்த்தியவர் ஆசிரியரின் தகப்பனாரைப் பற்றியும், படித்த பாடசாலையைப் பற்றியும், அவருடைய பணிவைப் பற்றியும் நெடுநேரம் பேசிவிட்டு, நாவலைப் பற்றிப் பின்னட்டையில் உள்ளதை மட்டும் சொல்லி அமர்ந்தார். மண்டபத்தில் இருந்த நாம் கைதட்டினோம். அதன்பின் அவரைக் காணும்போதெல்லாம் "நல்ல முயற்சி, தொடர்ந்து எழுதுங்கோ" என்பதோடு நம் வாசிப்பு முடிந்துபோயிற்று.

உண்மையில் அது முடியவில்லை என்பதே எனக்கு உறுத்தலாக இருக்கிறது. தேநீர்க் கடையிலும், நூலக வாசலிலும், ஒரு மரணவீட்டில் கூட, அந்த நாவலைப் பற்றி நம்மவர்கள் கூர்மையாகப் பேசக் கேட்டேன். கதாநாயகன் 1993இல் கொடிகாமத்தில் யாழ்தேவி ரயில் ஏறிக் கொழும்புக்குப் போகிறான் என்று ஓர் இடத்தில் வருகிறது. 1990 யூன் மாதத்தில் போர் மீண்டும் வெடித்தபோது நின்றுபோன யாழ்தேவி, மறுபடி யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தது 2014 ஒக்ரோபரில். இடைப்பட்ட அந்த முதல் ஆண்டுகளில், ஆனையிறவுப் பாதையும் அடைபட்டிருக்க, கிளாலிக் கடலேரியை இருட்டில் படகேறிக் கடந்தவர்கள் நம் வட்டத்திலேயே இருக்கிறார்கள். அவர்கள் இந்தப் பிழையைக் கண்டு சிரித்தார்கள், தமக்குள் சொல்லிக்கொண்டார்கள், எழுதியவரிடம் மட்டும் சொல்லவில்லை. அவரோ அந்தக் காலத்துக்குப் பிறகு பிறந்தவர். பெரியவர்களிடம் கேட்டுக் கேட்டு எழுதியவருக்கு, கேட்கத் தவறிய ஓரிடத்தைச் சுட்டிக்காட்ட நம்மிடம் ஒரு வாய் இல்லாமற் போனது எப்படி?

பிழைகளைச் சொல்லாததைவிட எனக்குப் பெரிதாகப் படுவது, நல்ல இடங்களையும் நாம் சொல்லவில்லை என்பது. மின்சாரம் இல்லாத, பற்றரிக்குத் தடை இருந்த அந்தக் காலத்தில், சைக்கிளைத் தூக்கி நிறுத்தி மிதித்து, டைனமோவில் வானொலியை இயக்கிச் செய்தி கேட்ட வீடுகள் நம் ஊர்களில் எத்தனையோ. நாவலின் ஐந்தாம் அத்தியாயத்தில் பேரன் மிதிக்கிறான். அம்மம்மா காதை வானொலியோடு ஒட்டி வைத்திருக்கிறாள். அவன் களைக்கக் களைக்கச் செய்தி வாசிப்பவரின் குரல் தேய்கிறது. இறந்தவர்களின் விபரம் வரும்போது அவன் வேண்டுமென்றே காலை நிறுத்திவிடுகிறான். அவளும் "மிதியடா" என்று சொல்லவில்லை. இரண்டு பக்கமும் இல்லாத இந்தக் காட்சியை எழுதியவர் எழுத்தாளர்தான் என்று நான் நினைக்கிறேன். அந்த மேடையில் பேசிய எவராவது இதைச் சொல்லியிருந்தால், தம் கைக்கு எது வசப்படுகிறது என்று அவருக்குத் தெரிந்திருக்கும். 'அருமை' என்ற சொல் அதைத் தெரிவிக்காது.

குறை சொல்லும் மரபு நமக்கு அந்நியமானதன்று. தொல்காப்பியத்தின் பாயிரமே, அந்த நூல் பாண்டியன் அவையத்தில் அதங்கோட்டாசானுக்கு 'அரில்தபத் தெரிந்து', அதாவது குற்றம் நீங்க ஆராய்ந்து, காட்டப்பட்டது என்கிறது. நூலுக்கு முன்னுரையாகிய சிறப்புப்பாயிரம் செய்யத் தக்கவர்களை எண்ணும் நன்னூல், ஆசிரியனுக்கு அடுத்த இடத்தில் 'தன்னொடு கற்றோன்' என்று கூடப் படித்தவனை வைக்கிறது. அந்த இடம் இன்று நம்முடையது. நூலுக்குரிய பத்துக் குற்றங்களையும் அதே நன்னூல் வகுத்திருக்கிறது. அவற்றில் இரண்டு இந்த நாவலுக்குச் சரியாகப் பொருந்துகின்றன. 1995 ஒக்ரோபர் 30 அன்று வலிகாமப் பகுதியே இடம்பெயர்ந்து தென்மராட்சிக்கு நடந்த அந்த இரவு வரை கதை இறுக்கமாக வருகிறது. பிறகு கொழும்பு லொட்ஜ் வாழ்க்கைக்குள் போய், அங்கே ஒரு துணைப்பாத்திரத்தின் வெளிநாட்டுப் பயண ஏற்பாடுகளில் நான்கு அத்தியாயங்களைச் செலவிடுகிறது. இது மற்றொன்று விரித்தல். கடைசியில் ரொறன்ரோவில் கழிந்த பதினைந்து ஆண்டுகள் ஒரே அத்தியாயத்தில் செய்திக்குறிப்புப் போல ஓடி முடிகின்றன. இது சென்று தேய்ந்திறுதல். அம்மம்மாவுக்கு என்ன ஆனது என்று கடைசிவரை தெரியவில்லை. இவற்றை அவர் முகத்துக்கு நேரே சொல்வதில் அவமதிப்பு எதுவும் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

ஒரு குற்றச்சாட்டை மட்டும் நான் ஏற்கவில்லை. பாத்திரங்கள் ஊர்ப்பேச்சில் பேசுவதைக் கொச்சை என்று மூத்தவர்கள் சிலர் முகம் சுளித்தார்கள். 1960களின் தொடக்கத்தில், பேச்சுமொழியை 'இழிசனர் வழக்கு' என்று பழித்ததில் தொடங்கி 'மரபுப் போராட்டம்' என்று பெயர்பெற்ற விவாதத்தில், ஈழத்து எழுத்தாளர்கள் இந்த வழக்கைப் பத்திரிகைகளிலும் மேடைகளிலும் பேசித் தீர்த்துவிட்டார்கள். அதற்குப் பின் வந்த நம் நல்ல புனைகதைகளில் பெரும்பாலானவை மக்கள் பேச்சில்தான் நிற்கின்றன. இந்த நாவலில் குறை வேறு: அம்மம்மாவும் கொழும்பு லொட்ஜ் முதலாளியும் ஒரே மாதிரிப் பேசுகிறார்கள். எழுத்துப்பிழைகளைப் பக்கம் பக்கமாகக் குறித்துக்கொண்டு திரியும் அன்பரிடமும் ஒரு சொல். ஆறுமுக நாவலர் பதிப்புகளின் ஊரில் பிழை மலிந்த புத்தகம் வெட்கந்தான். ஆயினும் ணகர னகரக் கணக்கைக் கடைவாசலில் வாசித்துக் காட்டாமல், அந்தத் தாளை ஆசிரியரிடமே கொடுத்தால் அடுத்த பதிப்புக்கு உதவும்.

புதியவரை நோகடிக்கக் கூடாது என்று நீங்கள் சொல்லக்கூடும். பதிப்பகம் ஒன்றின் மூலம் வரும் நாவலை, அச்சுக்குப் போகுமுன் பணிக்கென அமர்ந்த ஒருவராவது வாசித்து வெட்டச் சொல்வார், விரிக்கச் சொல்வார். சொந்தக் காசில் அச்சிடுகிறவருக்கு அப்படி ஒருவர் இல்லை. அச்சகத்தார் பக்க அமைப்பைப் பார்ப்பார், கதையைப் பார்க்கமாட்டார். அந்த வேலையைச் செய்யக்கூடியவர்கள் அவருக்கு வாய்த்த வாசகர்கள் மட்டுமே. புகழ்ந்துவிட்டு ஒதுங்கினால், அவருடைய அடுத்த நாவலிலும் யாழ்தேவி ஓடாத காலத்தில் ஓடும். அப்போதும் நாம் தேநீர்க் கடையில் சிரிப்போம்.

ஆகையால் வட்டத்தின் முன் என் வேண்டுகோளை வைக்கிறேன். வரும் போயா (பௌர்ணமி விடுமுறை) தினக் கூட்டத்தை, மேடையும் ஒலிவாங்கியும் பொன்னாடையும் இல்லாமல், கதிரைகளை வட்டமாகப் போட்டு, இந்த நாவலுக்கென்றே ஒதுக்குவோம். வாசித்து முடித்தவர்கள் மட்டும் பேசட்டும்; ஒவ்வொருவரும் தம்மைப் பிடித்து நிறுத்திய ஒரு பக்கத்தையும் தாம் தாண்டிப்போன ஒரு பக்கத்தையும் பக்க எண்ணோடு சொல்லட்டும். ஆசிரியர் எல்லோரும் பேசி முடியும்வரை பதில் சொல்லாமல் கேட்டுக்கொண்டிருக்கச் சம்மதிக்க வேண்டும். கேட்டபின் எதை ஏற்பது, எதை விடுவது என்பது அவருடைய உரிமை. 1990 முதல் 1995 வரை இங்கே வாழ்ந்த மூத்த உறுப்பினர்கள், கிளாலிப் படகில் ஏறியது, வெளியேற அனுமதிக்கான 'பாஸ்' எடுத்தது, மண்ணெண்ணெய்க்கு வரிசையில் நின்றது போன்றவற்றை நினைவிலிருந்து எழுதிக் கொடுத்தால், திருத்திய பதிப்புக்கு மட்டுமன்றி இனி எழுதப்போகிறவர்களுக்கும் அது பயன்படும். விற்காமல் அவர் வீட்டு அலுமாரியில் இருக்கும் பிரதிகளில் சிலவற்றைப் பாடசாலை நூலகங்களுக்கு வாங்கிக் கொடுக்கவும், ஆசிரியர் விரும்பினால் ஒன்றை நூலகம் நிறுவனத்தின் எண்ணிம நூலகத்துக்கு அளிக்கவும் வட்டத்தின் நிதி தாராளமாகப் போதும்.

கடைசியாக ஒன்று. நம்மில் இன்னும் இருவர் நாவல் எழுதிக்கொண்டிருக்கிறார்கள். இருவருமே அடுத்த ஆண்டு அச்சகத்துக்குப் போக எண்ணியிருக்கிறார்கள். ஒருவருடைய கைப்பிரதியை அதற்குமுன் வாசித்துக் குறிப்பெழுதித் தர நான் ஒப்புக்கொண்டிருக்கிறேன். மற்றவருடையது சற்றே நீளமானது. தீவுப்பகுதிக் கடற்றொழிலைப் பற்றியது. அத்தொழில் தெரிந்த ஒருவர் முன்வந்தால் வட்டத்தின் செயலாளரிடம் பெயர் கொடுக்கவும்.

இங்ஙனம்,
வட்டத்து உறுப்பினர் ஒருவர்,
யாழ்ப்பாணம்.