டிஸ்லெக்சியா உள்ள பிள்ளைகளுக்காக நம் ஆசிரியை மேற்கொள்ளும் முதுகலைப் படிப்பு

மதிப்பிற்குரிய பெற்றோர்களே, வணக்கம்.

நம் பள்ளியின் குறைநீக்கல் வகுப்பு ஆசிரியை, தஞ்சோங் மாலிமிலுள்ள சுல்தான் இட்ரிஸ் கல்வியியல் பல்கலைக்கழகத்தில் சிறப்புக் கல்வித் துறையில் பகுதிநேர முதுகலைப் படிப்பைத் தொடங்குகிறார் என்பதையும், டிஸ்லெக்சியா எனும் வாசிப்புக் குறைபாடு உள்ள மாணவர்களுக்குத் தமிழ் வாசிப்பைக் கற்பிப்பதையே தம் ஆய்வுப் பொருளாக எடுத்துக்கொண்டுள்ளார் என்பதையும் மகிழ்ச்சியுடன் தெரிவித்துக்கொள்கிறேன். வார நாள் பாட அட்டவணை மாறாது. சனிக்கிழமைக் கூடுதல் வகுப்பை மட்டும் வேறோர் ஆசிரியர் ஏற்பார்.

ஏற்கெனவே பட்டமும் பயிற்சியும் பெற்ற ஒருவர் ஏன் மீண்டும் படிக்க வேண்டும் என்று பெற்றோர் சிலர் கேட்டிருந்தீர்கள். கேட்க வேண்டிய கேள்விதான். டிஸ்லெக்சியா உள்ள பிள்ளைக்கு அறிவில் குறைவில்லை. காதில் விழும் சொல்லை ஒலிகளாகப் பிரிப்பதும், அவ்வொலிகளை எழுத்துகளோடு இணைப்பதும் அப்பிள்ளைக்குக் கடினமாக இருக்கின்றன. 'இன்னும் பத்து முறை எழுது' என்று சொல்வதால் இந்தக் கடினம் தீர்வதில்லை. ஒவ்வோர் ஒலியையும் தனித்துக் காட்டி, கேட்கவும் சொல்லவும் விரலால் வரையவும் வைத்து, ஒரு படி தேறிய பின்னரே அடுத்த படிக்கு அழைத்துச் செல்லும் முறை, 1930-களில் அமெரிக்காவில் மருத்துவர் சாமுவேல் ஆர்ட்டனும் கல்வியாளர் அன்னா கில்லிங்காமும் வகுத்த வழியிலிருந்து வளர்ந்தது. அதைக் கையாள, அனுபவமுள்ளோர் அருகிலிருந்து கவனித்துத் திருத்தும் நீண்ட பயிற்சி தேவை. அரைநாள் பட்டறை போதாது.

எனினும், என்னை அதிகம் சிந்திக்க வைப்பது நம் பிள்ளைகளின் மொழிச்சூழல். முதலாம் ஆண்டுப் பிள்ளை தமிழ், மலாய், ஆங்கிலம் ஆகிய மூன்றையும் ஒரே சமயத்தில் வாசிக்கத் தொடங்குகிறது. மலாயில் எழுத்தும் ஒலியும் பெரும்பாலும் ஒத்துப்போகின்றன, ஆங்கிலத்தில் அப்படியில்லை. தமிழிலோ 247 எழுத்துகளைப் பழக வேண்டும். 'கல்', 'தங்கம்', 'மகன்' ஆகிய மூன்று சொற்களிலும் ககரம் ஒரே விதமாக ஒலிப்பதில்லை. 'கொ' என்று எழுதும்போது கொம்பு முன்னே நிற்க, அதன் ஒலி பின்னே வருகிறது. டிஸ்லெக்சியாவின் அறிகுறிகளைக் கண்டறியப் பள்ளிகளில் வழங்கும் சரிபார்ப்புப் பட்டியல்களும் பயிற்சிகளும் பெரும்பாலும் மலாயையோ ஆங்கிலத்தையோ ஒட்டி அமைந்தவை. வீட்டில் தமிழ் மட்டுமே பேசும் தோட்டத்துப் பிள்ளை அவற்றில் தடுமாறினால், அது டிஸ்லெக்சியாவா, மலாய் இன்னும் பழகாததா என்று பிரித்தறிய, வாசிப்புக் குறைபாட்டையும் தமிழெழுத்தின் இயல்பையும் சேர்த்துக் கற்ற ஒருவர் நம்மிடம் இருந்தாக வேண்டும். நம்மைப் போன்ற சிறிய பள்ளிக்குத்தான் இத்தகையவர் முதலில் தேவை என்பது என் உறுதியான கருத்து. நகரத்துப் பெற்றோர் தனியார் மையத்தைத் தேடிச் செல்லலாம், செம்பனைத் தோட்டத்தில் விடியற்காலையிலேயே வேலைக்குக் கிளம்பும் பெற்றோருக்கு அது எளிதன்று.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். ஆசிரியை எவ்வளவு படித்தாலும் டிஸ்லெக்சியா என்று உறுதிப்படுத்துவது மருத்துவர் அல்லது உளவியலாளரின் பொறுப்பாகும். சிறப்புக் கல்வி மாணவராக உறுதிசெய்யப்பட்ட பிள்ளைக்குக் கற்பிக்கும் முறையையும் நேரத்தையும் துணைப்பொருள்களையும் ஆசிரியர் மாற்றியமைத்துக்கொள்ள மலேசியாவின் 2013-ஆம் ஆண்டுச் சிறப்புக் கல்வி ஒழுங்குமுறைகள் இடமளிக்கின்றன. ஆகவே மருத்துவரிடம் அழைத்துச் செல்லுமாறு பள்ளி பரிந்துரைத்தால், அதனை அவமானமாகக் கருதித் தள்ளிப்போட வேண்டாம் என்று மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன். இக்குறைபாடு குடும்பத்தில் தொடர்ந்து வருவதும் உண்டு என்பதால், உங்களில் எவரேனும் சிறுவயதில் வாசிக்க முடியாமல் வருந்தியிருந்தால், அச்செய்தியை ஆசிரியையிடம் தனியே சொல்லுங்கள்; பிள்ளையைப் புரிந்துகொள்ள அது பெரிதும் உதவும்.

ஆசிரியை தம் ஆய்வுக்காக முதலாம், இரண்டாம் ஆண்டு மாணவர்களுக்குத் தமிழ் வாசிப்புப் பயிற்சிகளை உருவாக்கிப் பயன்படுத்துவார். பெற்றோர் எழுத்து மூலம் சம்மதித்த பிள்ளைகள் மட்டுமே அதில் பங்கேற்பர். ஆய்வேட்டில் எந்தப் பிள்ளையின் பெயரும் இடம்பெறாது. சம்மதம் தராத பெற்றோரின் பிள்ளைகளுக்குக் குறைநீக்கல் வகுப்பு வழக்கம்போல் நடைபெறும். இணைக்கப்பட்டுள்ள சம்மதப் படிவத்தை நிரப்பி, வரும் வெள்ளிக்கிழமைக்குள் வகுப்பாசிரியரிடம் சேர்ப்பித்துவிடுங்கள். படிவத்தை வாசித்து விளக்க ஒருவர் தேவைப்படுவோர், வேலை முடிந்து மாலையில் பள்ளி அலுவலகத்திற்கு வரலாம். இவ்வாரம் முழுவதும் ஆறு மணிவரை அங்கு இருப்பேன்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்