இந்தியன் பசிபிக் ரயிலில் போகத் திட்டமிடுகிறவர்களுக்கு: வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். ஆஸ்திரேலியாவை 'இந்தியன் பசிபிக்' ரயிலில் கடக்க எங்களிடம் பதிவு செய்கிறவர்களுக்கு, ரயிலை விட்டு இறங்கும் அன்றே விமானம் ஏறும்படி இனி நாங்கள் டிக்கெட் எடுத்துத் தரப்போவதில்லை. பெர்த்தில் இறங்கினாலும் சிட்னியில் இறங்கினாலும் ஓர் இரவாவது அங்கே தங்கிப் புறப்படும்படிதான் திட்டம் போடுவோம். லீவில் ஒரு நாள் வீணாகிறதே என்று உங்களில் சிலர் கேட்டீர்கள். நியாயமான கேள்வி. அதனால்தான் இந்த மடல்.

சிட்னிக்கும் பெர்த்துக்கும் இடையே தண்டவாளத்தின் நீளம் 4,352 கிலோமீட்டர். ரயிலில் மூன்று இரவுகள். ஒரு காலத்தில் ஒவ்வொரு மாநிலமும் தன் இஷ்டத்துக்கு ஓர் அகலத்தில் தண்டவாளம் போட்டிருந்தது. ஆகவே, இந்தத் தூரத்தைக் கடக்கிறவர்கள் மூட்டை முடிச்சோடு பல தடவை ரயில் மாற வேண்டியிருந்தது. தெற்கு ஆஸ்திரேலியாவின் போர்ட் அகஸ்டாவிலிருந்தும் மேற்கு ஆஸ்திரேலியாவின் கால்கூர்லியிலிருந்தும் போட்டுக்கொண்டே வந்த பாலைவனப் பாதை 1917 அக்டோபரில் ஒன்றுசேர்ந்த பிறகும் அந்த அவஸ்தை தீரவில்லை. கடலிலிருந்து கடல்வரை ஒரே அகலத்தில் பாதை முடிந்து, முதல் இந்தியன் பசிபிக் சிட்னியை விட்டுக் கிளம்பியது 1970 பிப்ரவரியில்தான். இன்று ஏறிய பெட்டியிலேயே உட்கார்ந்தபடி மறுகரைக்குப் போய்விடலாம்.

ஆனால் வழியின் பெரும்பகுதி ஒற்றைத் தண்டவாளம். கிழக்குக்கும் மேற்குக்கும் இடையே போகும் சரக்கில் பெரும்பங்கு இதே பாதையில்தான் போகிறது. 1.8 கிலோமீட்டர் வரை நீளும் சரக்கு ரயில் எதிரே வந்தால், இரண்டில் ஒன்று கிளைத்தடத்தில் ஒதுங்கி நிற்கத்தான் வேண்டும். கடும் வெயிலில் தண்டவாளம் விரிவடையும் என்பதால் வேகத்தைக் குறைத்து ஓட்டச் சொல்வார்கள். மழை பெய்தால் வேறு விதமான சிக்கல். 2022 ஜனவரியில் தெற்கு ஆஸ்திரேலியாவில் கொட்டிய மழையில் பாதை பல இடங்களில் அரித்துப்போய் வாரக்கணக்கில் போக்குவரத்து நின்றது. பெர்த் கடைகளில் அலமாரிகள் காலியாகும் அளவுக்குப் போனது நிலைமை. இது எப்போதோ நடப்பதுதான். இரண்டு மூன்று மணி நேரத் தாமதம் அப்படியல்ல, எந்தப் பயணத்திலும் வரலாம். அந்த இரண்டு மணி நேரத்துக்குப் பயந்து, கடைசி நாள் முழுக்கக் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டு நீங்கள் வருவதை நாங்கள் விரும்பவில்லை.

அடுத்து, எந்தத் திசையில் போவது? முடிந்தால் கிழக்கிலிருந்து மேற்கே போங்கள் என்போம். சிட்னி நேரத்துக்குப் பெர்த் இரண்டு மணி நேரம் பின்னால். அக்டோபர் முதல் ஏப்ரல் தொடக்கம்வரை சிட்னியில் கோடை நேரம் என்பதால் மூன்று மணி நேரம். மேற்கே போகிறவர்கள் கடிகாரத்தைப் பின்னுக்குத் தள்ளிக்கொண்டே போவார்கள், தூங்கக் கூடுதல் நேரம் கிடைக்கும். கிழக்கே வருகிறவர்களுக்கு அதே நேரம் பறிபோகும். அப்பா அம்மாவை அழைத்துப் போகிறவர்கள் இதை அவசியம் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள். நடுவழியில் ரயிலுக்கென்றே ஒரு நேரம் வைத்திருப்பார்கள். சாப்பாட்டு நேரம் அதன்படிதான். கைபேசியை நம்பாமல் ஊழியர் அறிவிப்பதைக் கேளுங்கள்.

எல்லோரும் கேட்பது நல்லார்பர் சமவெளியைப் பற்றி. அங்கேதான் 478 கிலோமீட்டர் ஒரு வளைவுகூட இல்லாமல் போகிறது பாதை. உலகத்திலேயே இவ்வளவு நீளமான நேர்ப்பாதை வேறில்லை. நிலம் முழுக்கச் சுண்ணாம்புப் பாறை, பெய்யும் மழையெல்லாம் உள்ளே இறங்கிவிடும். பாலைவனப் பாதை முழுவதிலும் வற்றாத நன்னீர் ஆறு ஒன்றைக்கூட ரயில் கடப்பதில்லை. நீராவி எஞ்சின் காலத்தில் தண்ணீருக்கு என்ன பாடு பட்டிருப்பார்கள் என்று அங்கே உட்கார்ந்து பார்த்தால்தான் புரியும். ஜன்னலுக்கு வெளியே முழங்கால் உயரச் சாம்பல்பச்சைப் புதர், சிவந்த மண், அதற்குமேல் வானம். முதல் அரை மணி நேரம் அலுப்பாகத்தான் இருக்கும். புத்தகத்தை மூடிவிட்டுப் பார்த்துக்கொண்டே இருங்கள். கங்காரு, காட்டு ஒட்டகம், ரயிலின் சின்னமாகவே ஆகிவிட்ட ஆப்புவால் கழுகு எல்லாம் பொறுமையாகப் பார்க்கிறவர் கண்ணில்தான் படும். அங்கே கைபேசிக்கு சிக்னல் கிடைக்காது. வீட்டில் முன்கூட்டியே சொல்லிவிட்டுப் போங்கள்.

அந்த வெளியில் குக் என்று ஓர் ஊர். ரயில்வே ஊழியர்களுக்காக உருவானது, பள்ளிக்கூடமும் ஆஸ்பத்திரியும் இருந்தன. 1997-இல் ரயில்வே தனியார் கைக்குப் போனதும் ஊர் காலியானது. தகரத்தில் செய்த, ஆள் ஒருவர் நிற்க மட்டுமே இடமுள்ள இரண்டு சிறைக்கூண்டுகள் இன்னும் அங்கே நிற்கின்றன. உங்கள் ரயில் குக்கில் நிற்குமா, அதே சமவெளியிலுள்ள ராலின்னா என்ற இடத்தில் நிற்குமா என்பது திசையையும் அட்டவணையையும் பொறுத்தது. எங்கே நின்றாலும் இறங்கி நடந்துவிட்டு வாருங்கள்.

அறையைப் பற்றி ஒளிவுமறைவில்லாமல் சொல்லிவிடுகிறோம். இருவர் அறையில் பகலில் சோபா, இரவில் அதுவே கீழ்ப்படுக்கை. மேல்படுக்கைக்கு ஏணியில்தான் ஏற வேண்டும். ஓடும் ரயிலில், நடுராத்திரியில், முழங்கால் வலியோடு அந்த ஏணியில் இறங்குவதை நினைத்துப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். ஒருவர் அறை எடுத்தால் குளியலறை பொதுவானது, நடைபாதையின் கோடியில் இருக்கும். பெரிய பெட்டிகள் அதே ரயிலின் சரக்குப் பெட்டியில் போய்விடும், இறங்கும்வரை கைக்கு வராது. மாத்திரை, மூன்று நாள் துணி, ஸ்வெட்டர் எல்லாம் கைப்பையில் இருக்கட்டும். குளிர்காலத்தில் பாலைவன இரவு நன்றாகவே நடுங்க வைக்கும்.

பழம், காய்கறி, தேன் கொண்டுபோக வேண்டாம். மேற்கு ஆஸ்திரேலியா பூச்சியும் நோயும் நுழையாமல் காக்க இதையெல்லாம் கண்டிப்பாகத் தடுக்கிறது. உணவு கட்டணத்திலேயே அடக்கம் என்பதால் பசிக்கு வழியில்லாமல் போகாது. சைவம் என்றால் பதிவு செய்யும்போதே எங்களிடம் சொல்லுங்கள், ஏறிய பிறகு சொன்னால் சமையற்காரருக்குக் கையில் உள்ளதை வைத்துத்தான் ஏதாவது செய்ய முடியும்.

இந்த ரயிலின் கட்டணம் விமானத்தைவிடப் பல மடங்கு. குறைந்த கட்டண உட்காரும் வகுப்பு இப்போது கிடையாது. சீக்கிரம் போய்ச் சேருவது மட்டுமே நோக்கமென்றால் விமானத்தில் போங்கள், அதற்கும் நாங்களே டிக்கெட் எடுத்துத் தருகிறோம்.

பதிவுக்கு முன் மூன்று விவரம் அனுப்புங்கள்: எந்த மாதம் போக உத்தேசம், உடன் வருகிறவர்களில் ஏணி ஏற முடியாதவர் உண்டா, இறங்கிய பிறகு எங்கே போகிறீர்கள். கடைசி ஊரில் தங்கும் அறையை, தேதி மாற்றிக்கொள்ள இடமுள்ள விதத்திலேயே பதிவு செய்து வைப்போம்.

இப்படிக்கு,
உங்கள் பயண ஏற்பாட்டாளர்கள்