டக் நிக்கல்ஸின் ஆட்டத்தையும் எழுதுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் சர் டக்ளஸ் நிக்கல்ஸ் பற்றிய கட்டுரை படித்தேன். போதகர், பழங்குடியினர் உரிமைக்குப் போராடியவர், 1976-ல் தெற்கு ஆஸ்திரேலியாவின் ஆளுநர் ஆனவர் என்று எல்லாம் இருந்தது. அவர் ஆடிய ஆஸ்திரேலிய ரூல்ஸ் கால்பந்துக்கு மட்டும் ஒரே ஒரு வரி. எனக்கு அது பெரிய குறையாகப் பட்டது.

முர்ரே நதிக்கரையில் உள்ள கம்மராகுன்ஜா பழங்குடியினர் குடியிருப்பில் 1906-ல் பிறந்தவர் அவர். (அங்கே பள்ளி ஆசிரியராக இருந்த தாமஸ் ஷாட்ராக் ஜேம்ஸ், மொரிஷியஸில் பிறந்த இந்திய வம்சாவளியினர். இதையும் நம் வாசகர்களுக்குச் சொல்லியிருக்கலாம்.) 1927-ல் மெல்பர்னுக்கு வந்து கார்ல்டன் அணியில் இடம் தேடினார். கறுப்பர் என்பதால் அங்கே ஒதுக்கப்பட்டார். சரி, ஊருக்கே திரும்பிவிடலாம் என்று அவர் போய்விடவில்லை. நார்த்கோட் அணியில் சேர்ந்தார். 1929-ல் அந்த அணி சாம்பியன் ஆனது. அதே ஆண்டு நையா, வாராக்னபீல் ஊர்களில் நடந்த பெரிய ஓட்டப் பந்தயங்களிலும் அவரே ஜெயித்தார்.

அவர் உயரம் 158 செ.மீ. தான். உயரே வரும் பந்துக்கு ஆளுக்கு ஆள் எம்பி மோதுகிற ஆட்டம் இது. அதில் இவ்வளவு குள்ளமான ஒருவர் விங்கில், அதாவது மைதானத்தின் பக்கவாட்டில் நின்று, வேகத்தாலேயே பெயர் வாங்கினார் என்றால் அதை விரித்துச் சொல்ல வேண்டாமா?

1932-ல் ஃபிட்ஸ்ராய் அணிக்குப் போனார். உடை மாற்றும் அறையில் தனியாக ஒதுங்கியிருந்தவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்து நட்பு பாராட்டியவர் ஹேடன் பண்டன். லீகின் சிறந்த ஆட்டக்காரருக்குத் தரும் பிரவுன்லோ பதக்கத்தை மூன்று முறை வாங்கிய, அந்தக் காலத்தின் மிகப் பெரிய ஆட்டக்காரர் அவர். அப்படிப்பட்டவர் பக்கத்தில் உட்கார்ந்தால் அதற்கு அந்த அறையில் எவ்வளவு மதிப்பு இருந்திருக்கும்! 1937 வரை நிக்கல்ஸ் ஃபிட்ஸ்ராய்க்காக 54 ஆட்டங்கள் ஆடினார். 1935-ல் விக்டோரியா மாநில அணிக்கும் தேர்வானார். அதற்கு முன் எந்தப் பழங்குடி வீரருக்கும் அந்த இடம் கிடைத்ததில்லை.

1938 ஜனவரி 26, வெள்ளையர் குடியேறியதன் 150-ம் ஆண்டு நிறைவு நாள். அன்று சிட்னியில் பழங்குடியினர் அதைத் துக்க நாளாக அறிவித்துக் கூட்டம் நடத்தினார்கள். நிக்கல்ஸும் அங்கே பேசினார். அதற்குள் மெல்பர்னில் அவரைத் தெரியாத கால்பந்து ரசிகர் குறைவு. பின்னாளில் அவர் பேச்சுக்கு வெள்ளையர்களும் காது கொடுத்ததற்கு மைதானத்தில் சம்பாதித்த அந்தப் பெயரும் ஒரு காரணம் என்றே நினைக்கிறேன். ஆட்டத்தை விட்டுவிட்டு ஆளுநரை மட்டும் எழுதினால் பாதிக் கதைதான் கிடைக்கும்.

2016 முதல் தேசிய கால்பந்து லீகில் பழங்குடியினரைப் பெருமைப்படுத்த நடத்தும் பழங்குடியினர் சுற்று ஆட்டங்கள் அவர் பெயரில்தான் நடக்கின்றன. கார்ல்டனும் அதில் ஆடுகிறது. அடுத்த முறை அந்தச் சுற்று வரும்போது, நார்த்கோட், ஃபிட்ஸ்ராய் காலத்தைப் பற்றி மட்டும் தனியாக ஒரு கட்டுரை போடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
மெல்பர்ன்