புதிதாக வந்த கிட்டாரை அன்றே ஏன் கடைச் சுவரில் மாட்டுவதில்லை

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். பெட்டி வந்து இறங்கியதைப் பார்த்துவிட்டு, "இப்போதே வாசித்துப் பார்க்கலாமா?" என்று கேட்பவர்களிடம் கொஞ்ச காலமாக "நாலு நாள் பொறுங்கள்" என்று சொல்லி வருகிறோம். சிலருக்கு அதில் வருத்தம். மாதக்கணக்கில் காசு சேர்த்து வைத்த கிட்டார் கண்ணெதிரே பெட்டியில் கிடக்கும்போது காத்திருப்பது எளிதில்லை, எங்களுக்கும் அது புரிகிறது. அதனால் காரணத்தை விளக்கமாகவே எழுதிவிடுகிறோம். குறிப்பாக, குறைந்த விலை எலக்ட்ரிக் கிட்டார்களை ஆசையோடு ஒவ்வொன்றாகச் சேர்த்து வருபவர்களுக்காக.

முன்பு ஒருமுறை, நெடுநாளாக எங்களிடம் வரும் ஒருவர் இரண்டு கிட்டார்களை ஒப்பிட வந்தார். இரண்டும் ஸ்ட்ராட் (ஃபெண்டரின் ஸ்ட்ராடோகாஸ்டர்) வடிவம், ஏறத்தாழ ஒரே விலை, வேறு வேறு பிராண்டு. ஒரு மதியம் முழுக்க மாற்றி மாற்றி வாசித்தார். ஒன்று கைக்கு இதமாக இருந்தது. மற்றதில் எஃப் கார்டு (பல கம்பிகளை ஒருசேர அழுத்தும் ஸ்வரக் கூட்டு) பிடிக்கவே விரல் வலித்தது, முதல் சில ஃப்ரெட்டுகளில் (கழுத்தின் குறுக்கே பதித்த உலோகப் பட்டைகளில்) கம்பி இரைந்தது. முதலாவதை வாங்கிக்கொண்டு போனார். இரண்டாவது சுவரிலேயே தங்கிவிட்டது. அப்புறம் ஒருநாள் அதை மேசையில் கிடத்திப் பார்த்தோம். நட்டின் (தலைப்பக்கத்தில் கம்பிகளைத் தாங்கும் சிறு துண்டின்) பள்ளங்கள் போதிய ஆழம் இல்லாமல் இருந்தன. நெக், அதாவது கிட்டாரின் கழுத்து, லேசாகப் பின்பக்கம் வளைந்திருந்தது. ட்ரஸ் ராடை (நெக்குக்குள் இருந்து அதன் வளைவைச் சரிசெய்யும் உலோகத் தண்டை) கொஞ்சம் தளர்த்தி, நட்டை அரத்தால் இழைத்து, பிக்கப்புகளை (கம்பியின் அதிர்வை மின்சாரமாக மாற்றும் காந்தச் சுருள்களை) இறக்கிவிட்டு மறுபடி மாட்டினோம். அடுத்த முறை கம்பி வாங்க வந்தவர் அதை எடுத்து வாசித்துவிட்டு, "இது எப்போது வந்தது?" என்று கேட்டார். அதே கிட்டார்தான் என்றோம். கொஞ்ச நேரம் அவர் ஒன்றும் பேசவில்லை.

எந்தக் கிட்டார் நல்லது என்பதை அன்று அவர் பார்க்கவே இல்லை. எது தொழிற்சாலையிலிருந்து சரியான நிலையில் வந்து சேர்ந்தது என்பதைத்தான் பார்த்திருக்கிறார். அப்படிப் பார்க்க வைத்தது நாங்கள்தான். விலை கூடிய கிட்டார்களில் இந்த வித்தியாசம் குறைவு, ஏனென்றால் கடைசிக் கட்ட வேலைக்கு அங்கே ஆள் நேரம் செலவழிக்கிறார்கள். குறைந்த விலைக் கிட்டாரில் முதலில் மிச்சம் பிடிக்கப்படுவது அந்த நேரம்தான். மரம் வெட்டுவதும் ஃப்ரெட் போர்டு (ஃப்ரெட்டுகள் பதிந்த பலகை) இழைப்பதும் இப்போது கணினி இயந்திரங்கள் செய்கின்றன, அவை ஓரளவு எல்லா விலையிலும் ஒழுங்காகவே இருக்கின்றன. நட்டை இழைப்பது, ஃப்ரெட் முனைகளை உருட்டுவது, நெக்கைப் பார்த்துப் பார்த்துச் சரிசெய்வது எல்லாம் கைவேலை.

சரி, அந்த நாலு நாளில் என்ன நடக்கிறது? முதல் நாள் பெட்டியைத் திறக்கவே மாட்டோம். குளிரிலும் வெயிலிலும் மாறி மாறி வந்த மரம் அறையின் காற்றுக்குப் பழக வேண்டும். காற்றில் ஈரப்பதம் 45 முதல் 55 சதவீதத்துக்குள் இருந்தால் கிட்டாருக்கு நல்லது. ரொம்ப உலர்ந்தால் ஃப்ரெட் போர்டு சுருங்கும், உலோகம் சுருங்காது. அப்போது ஃப்ரெட்டுகளின் நுனி வெளியே நீட்டிக்கொண்டு உள்ளங்கையைக் கீறும். அது கிட்டாரின் குறை என்று பலர் நினைக்கிறார்கள். அரத்தால் இழைத்தால் அரை மணி நேரத்தில் போய்விடும்.

மறுநாள் பழைய கம்பிகளைக் கழற்றிவிட்டு எல்லாக் கிட்டார்களுக்கும் ஒரே கனத்தில், 10-46 செட் (மெல்லிய கம்பி அங்குலத்தில் ஆயிரத்தில் 10 பங்கு, தடித்தது 46 பங்கு), புதிதாக மாட்டுகிறோம். நெக்கின் வளைவைப் பார்க்கிறோம்: கம்பியை முதல் ஃப்ரெட்டிலும் கடைசி ஃப்ரெட்டிலும் ஒரே நேரத்தில் அழுத்தினால், நடுவில் ஏழாவது எட்டாவது ஃப்ரெட்டுக்கு மேலே கால் மில்லிமீட்டர் அளவு இடைவெளி தெரிய வேண்டும். ட்ரஸ் ராடைத் திருப்பியதும் மரம் உடனே அடங்கிவிடாது, ஓர் இரவு விட்டுவிட்டு மறுபடி அளக்க வேண்டும். எங்கள் நாலு நாளில் பாதி இந்தக் காத்திருப்பில்தான் போகிறது. அதற்குப் பிறகு நட், அதற்குப் பிறகு கம்பியின் உயரம். பன்னிரண்டாவது ஃப்ரெட்டில் மெல்லிய கம்பி 1.6 மில்லிமீட்டர், தடித்த கம்பி 2 மில்லிமீட்டர். எல்லாருக்கும் இதுதான் சிறந்த உயரம் என்று சொல்ல வரவில்லை. எல்லாக் கிட்டாரிலும் ஒரே உயரம் இருந்தால்தான் ஒப்பிட முடியும், அவ்வளவுதான். வாங்கிய பிறகு உங்கள் கைக்கு ஏற்ப மாற்றித் தருகிறோம்.

நட்டைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் குறைந்த விலைக் கிட்டார்களில் நாங்கள் அதிகம் கைவைப்பது அங்கேதான். கம்பியை மூன்றாவது ஃப்ரெட்டில் அழுத்திக்கொண்டு முதல் ஃப்ரெட்டைப் பாருங்கள். கம்பிக்கும் ஃப்ரெட்டுக்கும் நடுவே ஒரு காகிதம் நுழையும் அளவுக்கு மட்டும் இடம் இருக்க வேண்டும். அதைவிட அதிகமாக இருந்தால் முதல் சில ஃப்ரெட்டுகளில் கம்பியை அதிகம் அழுத்த வேண்டிவரும், சுருதியும் கொஞ்சம் ஏறிப்போகும். திறந்த கம்பியில் சரியாக ட்யூன் செய்த கிட்டார், ஈ கார்டில் சுருதி பிசகித் தெரிவதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். ட்யூனரை (கம்பியை முறுக்கும் சாவியை) குறை சொல்லி, அதை மாற்றக் காசு செலவழித்து, அப்புறமும் பிசகுகிறதே என்று வந்தவர்கள் உண்டு. நட்டில் கம்பி சிக்கிக்கொள்கிறதா என்று முதலில் பாருங்கள்.

இனி, ஒப்பிடும்போது காது செய்யும் ஒரு தவறு. சத்தம் கூடியதை நல்லது என்று காது எடுத்துக்கொள்ளும். ஹம்பக்கர் (இரட்டைச் சுருள் பிக்கப்) உள்ள கிட்டாரையும் சிங்கிள் காயில் (ஒற்றைச் சுருள் பிக்கப்) உள்ளதையும் ஆம்பில் (ஒலிபெருக்கியில்) ஒரே அளவில் வைத்து வாசித்தால் ஹம்பக்கர் வெல்லும், ஏனென்றால் அது பெரும்பாலும் வலுவான மின் சமிக்ஞையைத் தருகிறது. அதனால் கிட்டாரை மாற்றும்போதெல்லாம் ஆம்பின் சத்தத்தையும் சரிசெய்து சமமாக்குங்கள். முதலில் டிஸ்டார்ஷன் (ஒலியை முரடாக்கும் விளைவு) இல்லாமல் கேளுங்கள். அதே கேபிளைப் பயன்படுத்துங்கள். பிக்கப்பின் உயரம்கூட ஒலியை மாற்றும். சிங்கிள் காயில் பிக்கப் கம்பிக்கு ரொம்ப நெருங்கினால் காந்தம் கம்பியை இழுத்து, மேல் ஃப்ரெட்டுகளில் சுருதி தள்ளாடும். ஒரு ஸ்க்ரூவைத் திருப்பினால் தீர்கிற இதற்காகப் பிக்கப்பையே மாற்றிவிட்ட நண்பர்களை எண்ணி வருந்தியிருக்கிறோம்.

இன்னொன்று கையைப் பற்றியது. ஃபெண்டர் வகைக் கிட்டார்களில் கம்பியின் நீளம் பெரும்பாலும் 25.5 அங்குலம், கிப்ஸன் வகையில் 24.75. அதே கம்பியை அதே சுருதிக்கு ஏற்றினால் குட்டையானதில் இழுவிசை ஏறத்தாழ 6 சதவீதம் குறைவு. அதனால்தான் கிப்ஸன் வகையான எபிஃபோன் லெஸ் பாலில் பெண்டிங் (கம்பியை வளைத்துச் சுருதி ஏற்றுவது) இலகுவாகவும், ஃபெண்டரின் துணை பிராண்டான ஸ்குவையரின் ஸ்ட்ராட்டில் கொஞ்சம் விறைப்பாகவும் தெரிகிறது. இதில் தரம் ஒன்றும் இல்லை, அளவுதான். இது தெரிந்தால், ஒன்று விறைக்கிறது என்று ஒதுக்காமல் அதற்கு 9-42 கம்பி போட்டுப் பார்ப்பீர்கள்.

வாங்குவதற்கு முன் எதை மாற்ற முடியும், எதை முடியாது என்று மனதில் பிரித்துக்கொள்ளுங்கள் என்று எப்போதும் சொல்கிறோம். நட், கம்பி உயரம், பிக்கப், பொட்டென்ஷியோமீட்டர் (சத்தம், டோன் குமிழ்களுக்கு அடியில் உள்ள பாகம்), ட்யூனர் எல்லாம் மாற்றத்தக்கவை. நெக்கின் தடிமன், ஃப்ரெட் போர்டின் வளைவு, கம்பி நீளம், எடை ஆகியவை நீங்கள் வாங்கும்போது எப்படியோ அப்படியே கடைசிவரை. ஆகவே ஒலி சுமாராகவும் நெக் கைக்குப் பொருந்தியும் இருக்கும் கிட்டாரை, ஒலி அருமையாகவும் நெக் உறுத்தியும் இருப்பதைவிட மேலாக நினைக்கிறோம். பழைய கிட்டார் வாங்கும்போது இரண்டு சோதனைகளை விடாதீர்கள். தலைப்பக்கத்திலிருந்து நெக்கை நீளவாக்கில் பார்த்து, முறுக்கு இருந்தால் வைத்துவிட்டு வாருங்கள். ட்ரஸ் ராடு ஏற்கெனவே கடைசிவரை இறுக்கப்பட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். இந்த இரண்டையும் சரிசெய்யும் செலவு கிட்டாரின் விலையைத் தாண்டிவிடும்.

எந்த நாட்டில் செய்தது என்ற கேள்வி தினமும் வருகிறது. 1982இல் ஸ்குவையர் பெயரில் முதல் கிட்டார்கள் ஜப்பானில் ஃபுஜிஜென் தொழிற்சாலையிலிருந்து வந்தபோது, அவை அமெரிக்கக் கிட்டாரின் மலிவுப் பதிப்பு. இன்று ஜேவி வரிசை எனப்படும் அதே கிட்டார்களைச் சேகரிப்பாளர்கள் தேடி அலைகிறார்கள். இன்றைக்குக் கொரியாவின் கோர்-டெக் நிறுவனத்தின் இந்தோனேசியத் தொழிற்சாலை, தன் சொந்த பிராண்டான கோர்ட்டுக்கும் செய்கிறது, அமெரிக்காவின் பிஆர்எஸ் நிறுவனத்தின் எஸ்இ போன்ற பிறர் வரிசைகளுக்கும் செய்கிறது. நாட்டின் பெயர் உங்கள் கையில் இருக்கும் அந்த ஒரு நெக்கைப் பற்றி மிகக் குறைவாகவே சொல்லும்.

மரத்தைப் பற்றியும் அப்படித்தான். ஃப்ரெட் போர்டு ரோஸ்வுட் இல்லை, லாரல்தானா என்று முகம் சுளிப்பவர்களுக்கு ஒன்று. 2017இல் ரோஸ்வுட் இனங்கள் எல்லாம் பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டின் கீழ் வந்தன. ரோஸ்வுட் உள்ள கிட்டார்களை விற்பனைக்காக எல்லை தாண்டி அனுப்ப ஆவணம் தேவைப்பட்டதால், உற்பத்தியாளர்கள் பலர் லாரல், பாவ் ஃபெர்ரோ போன்ற மரங்களுக்கு மாறினார்கள். 2019 இறுதியில் இசைக்கருவிகளுக்கு விலக்கு கிடைத்த பிறகும் பலர் திரும்பவில்லை. தரம் குறைக்க நடந்த மாற்றம் இல்லை இது. லாரல் கொஞ்சம் வெளிறியும் உலர்ந்தும் தெரியும், எப்போதாவது எண்ணெய் பூசினால் போதும்.

சேகரிப்பவர்களிடம் எங்களுக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. வீட்டில் இருப்பதை எழுதிப் பாருங்கள்: கம்பி நீளம், பிக்கப் வகை, பிரிட்ஜ் (உடல் பக்கம் கம்பிகளைத் தாங்கும் பாகம்) வகை. நாலு கிட்டார் வைத்திருப்பவரிடம் நாலும் 25.5 அங்குலம், நாலிலும் பிரிட்ஜ் பக்கம் ஹம்பக்கர், நாலிலும் ட்ரெமோலோ (நெம்புகோலால் அசையும் பிரிட்ஜ்) என்று இருப்பதைப் பார்த்திருக்கிறோம். நிறம் மட்டும் வேறு. அவர் ஐந்தாவதாக யமஹா பசிஃபிகா 112 கேட்டார். அது அருமையான கிட்டார், நாங்கள் மனதார விற்போம். ஆனால் அவரிடம் இருப்பதையே அது இன்னொரு முறை செய்யும். அவருக்கு அசையாத பிரிட்ஜும் இரண்டு சிங்கிள் காயிலும் உள்ள ஒரு டெலிகாஸ்டர் வகையைக் கையில் கொடுத்தோம். அரை மணி நேரம் கீழே வைக்கவில்லை.

மலிவுக் கிட்டார்களைச் சேர்ப்பது ஏதோ இரண்டாம்தர ஆசை என்று யாரும் நினைக்க வேண்டாம். 1956இல் ஃபெண்டர் மாணவர்களுக்காக மியூசிக்மாஸ்டரையும் டுவோ-சோனிக்கையும் செய்தது, 1964இல் மஸ்டாங். டேனெலெக்ட்ரோ என்ற அமெரிக்க நிறுவனம், அழுத்திய மரநார்ப் பலகையில் உடலும், லிப்ஸ்டிக் குழாயில் பிக்கப்பும் வைத்துச் செய்தது. குறைந்த செலவில் எப்படிச் செய்வது என்று யோசித்ததாலேயே அவற்றுக்கு வேறெதிலும் இல்லாத ஒலி கிடைத்தது. இப்போதும் அந்த ஒலிக்காகவே அவற்றின் மறுபதிப்புகளை வாங்குகிறார்கள். உங்கள் சேகரிப்பில் அப்படி ஒன்று சேரும்போது எங்களுக்கும் மகிழ்ச்சி. ஆனால் பிற்காலத்தில் விலை ஏறும் என்று எண்ணி இன்றைய மாடல்களை வாங்காதீர்கள். இவை பெரும் எண்ணிக்கையில் வருகின்றன, வாசிப்பதற்காக வாங்குங்கள்.

ஒப்பிட வரும்போது உங்களுக்கு மிகவும் பழகிய கிட்டாரைக் கூடவே எடுத்து வாருங்கள். பழைய கம்பியோடு வந்தாலும் பரவாயில்லை, 10-46 செட் ஒன்றை எங்கள் செலவில் மாட்டித் தருகிறோம். முடிந்தால் ஒரு நண்பரையும் அழைத்து வாருங்கள். அவர் வாசிக்க, நீங்கள் திரும்பி நின்று கேட்கலாம். மூலையில் இருக்கும் சின்ன ஆம்ப் இனி இதற்கு மட்டும்தான். அதில் டோன் அளவுகளை டேப் ஒட்டி நிறுத்தி வைத்திருக்கிறோம், தயவுசெய்து சத்தத்தை மட்டும் மாற்றுங்கள். முன்பதிவு செய்தவர்களுக்கு, உங்கள் கிட்டார் மேசைக்கு வந்த அன்றும், சுவருக்குப் போகும் அன்றும் தகவல் சொல்கிறோம். நெக் அடங்க ஒருநாள் கூடுதலாக எடுத்தால் அதையும் சொல்வோம்.

அன்புடன்,
கடையிலிருந்து