கயோட்டி பள்ளத்தாக்கில் மாடுகள் மேயட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கலிபோர்னியாவில் வீட்டு விலை ஏறிக்கொண்டே போவது பற்றி உங்கள் நாளிதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். சிலிக்கான் வேலியில் நடுத்தர வருமானக்காரர்கள் படும் பாட்டைச் சரியாகவே எழுதியிருந்தீர்கள். ஆனால் போகிற போக்கில், ஊருக்கு வெளியே நூற்றுக்கணக்கான ஏக்கர் புல்வெளியை விலைக்கு வாங்கிச் சும்மா போட்டு வைத்திருக்கிறார்கள் என்று ஒரு வரி வருகிறது. அது சான் ஹோசேயின் தெற்கு ஓரத்தில் இருக்கும் கயோட்டி பள்ளத்தாக்கு. அதற்குப் பக்கத்தில்தான் நான் வாடகைக்கு இருக்கிறேன். சொந்த வீடு வாங்கிக்கொண்டு அடுத்தவருக்குக் கதவைச் சாத்துகிறவள் இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

2000-ல் கணினி வலையமைப்புக் கருவிகள் செய்யும் சிஸ்கோ நிறுவனம் அங்கே 20,000 பேர் வேலை செய்யும் வளாகம் கட்ட நகராட்சியிடம் அனுமதி வாங்கியது. இணைய நிறுவனங்கள் கவிழ்ந்த டாட்காம் சரிவில் அது நின்றுபோனது. அப்புறம் கிடங்கு கட்டும் பேச்சு வந்தது. 2019-ல் நகராட்சியும், நிலங்களைக் காக்கும் அறக்கட்டளையான பெனின்சுலா ஓப்பன் ஸ்பேஸ் டிரஸ்டும், திறந்தவெளிகளைப் பராமரிக்கும் பொது அமைப்பான சாண்டா கிளாரா வேலி ஓப்பன் ஸ்பேஸ் அத்தாரிட்டியும் சேர்ந்து 937 ஏக்கரை 9.3 கோடி டாலருக்கு வாங்கின. ஆக, அந்த இடத்தில் வரவிருந்தவை அலுவலகங்களும் லாரிகள் வந்துபோகும் கிடங்குகளும்தான். பள்ளத்தாக்கின் நடுப்பகுதியில் 25,000 வீடுகள் கட்டும் திட்டம் ஒன்று தனியாக இருந்தது. அதை 2008-லேயே கைவிட்டுவிட்டார்கள். வீடுகளைத் தடுத்துத்தான் புல்லைக் காப்பாற்றினார்கள் என்பது இந்த 937 ஏக்கருக்குப் பொருந்தாது.

பணம் எங்கிருந்து வந்தது என்பதும் முக்கியம். 2018 நவம்பரில் 'மெஷர் டி' என்ற நகராட்சியின் 65 கோடி டாலர் கடன்பத்திரம் வாக்கெடுப்புக்கு வந்தது. மூன்றில் இரண்டு பங்கு வாக்கு விழுந்தால்தான் செல்லும். விழுந்தது. வெள்ளத்தைத் தணிக்கவும் நீர்வளத்தைக் காக்கவும் நிலம் வாங்க 5 கோடி டாலர் வரை செலவிடலாம் என்பது அதிலேயே இருந்தது. அதற்கு முந்தைய ஆண்டு பிப்ரவரியில் ஆண்டர்சன் நீர்த்தேக்கம் நிரம்பி வழிந்து, கயோட்டி ஓடை ஊருக்குள் புகுந்து, ஏறத்தாழ 14,000 பேர் வீட்டைவிட்டு வெளியேற வேண்டி வந்ததை இங்கே யாரும் மறக்கவில்லை. நிலம் திறந்தவெளியாக இருந்தும்தானே வெள்ளம் வந்தது என்று கேட்பீர்கள். வந்ததுதான். மழைநீரை உறிஞ்சிக்கொள்ளும் மண்ணின் மேலும் கிடங்குக்குக் கான்கிரீட் போட்டிருந்தால் அடுத்த மழைக்கு என்ன ஆகும் என்பதுதான் என் கேள்வி.

'சும்மா' என்கிறீர்களே, இந்தப் பள்ளத்தாக்கில் மாடு மேய்கிறது. இந்த 937 ஏக்கரை வாங்குவதற்கு முன்பே, பாம் அவென்யூ முனையில் 2015-ல் மக்களுக்குத் திறந்துவிட்ட கயோட்டி வேலி பாதுகாப்பு நிலத்துக்கு ஞாயிறு காலையில் போய்ப் பாருங்கள். நடைபாதைக்குக் குறுக்கே கன்றோடு ஒரு கறுப்பு மாடு நின்றுகொண்டு நகரவே மாட்டேன் என்னும். தாய்க்கும் கன்றுக்கும் நடுவில் புகாமல் நாம்தான் சரிவில் இறங்கிச் சுற்றிப் போக வேண்டும். பூங்காவில் எதற்கு மாடு, சாணி என்று முகம் சுளிக்கிறவர்கள் உண்டு. என் கணவரும் அந்தக் கட்சிதான்.

மாடு அங்கே செய்யும் வேலை 101 நெடுஞ்சாலைக்குக் கிழக்கே கயோட்டி ரிட்ஜ் மலைமுதுகில் நன்றாகத் தெரியும். அது சர்பென்டைன் பாறை மண். சத்தில்லாத மண் என்பதால் வெளியிலிருந்து வந்த புல் அங்கே லேசில் வளராது. உள்ளூர்ப் பூச்செடிகள் பிழைத்துக் கிடந்தன. நம் கார்ப் புகையிலிருக்கும் நைட்ரஜன் அந்த மண்ணில் படிந்து உரமாகிவிட்டது. உடனே இத்தாலியன் ரைகிராஸ் என்ற வெளியூர்ப் புல் மண்டிச் சின்னச் செடிகளை அமுக்குகிறது. அதில் ஒன்றான குட்டை வாழைப்பூண்டுதான் பே செக்கர்ஸ்பாட் வண்ணத்துப்பூச்சியின் புழுவுக்கு முக்கியத் தீனி. 1987 முதல் அந்தப் பூச்சி மத்திய அரசின் அழிவு அபாயப் பட்டியலில் இருக்கிறது. மாடு ரைகிராஸைக் கடித்துக் குறைத்தால்தான் பூண்டுக்கு வெயில் கிடைக்கும். மேய்ச்சலை நிறுத்திய இடங்களில் பூச்சியும் இல்லாமல் போயிருக்கிறது. நானும் தினமும் 101-ல் வண்டி ஓட்டுகிறவள்தான். நாங்கள் போடுகிற உரத்துக்கு மாடுகள் வைத்தியம் பார்க்கின்றன.

இன்னொன்று, மேற்கே சாண்டா குரூஸ் மலை, கிழக்கே டியாப்லோ மலைத்தொடர். இரண்டுக்கும் இடையில் விலங்குகள் கடந்துபோக மிஞ்சியிருக்கும் குறுகலான வழி இந்தப் பள்ளத்தாக்கு. மான்டெரி சாலையின் நடுவே நிற்கும் கான்கிரீட் தடுப்பில் முட்டிக்கொண்டு திரும்பும் காட்டுப்பூனை, காரில் அடிபடுகிறது. நிலத்தை வாங்கினால் மட்டும் போதாது, சாலைக்கு அடியிலும் வழி விட வேண்டும்.

எனக்கும் ஒரு குறை உண்டு. பொதுப் பணமும் போட்டு வாங்கிய நிலத்தின் பெரும்பகுதி இன்னும் வேலிக்குள்தான் இருக்கிறது. அதை எப்படித் திறப்பது என்று ஓப்பன் ஸ்பேஸ் அத்தாரிட்டி மக்களிடம் கருத்துக் கேட்டு வருகிறது. சின்ன நடைபாதைகள், கொஞ்சம் நிழல், கார் இல்லாதவர்கள் வந்துபோக ஒரு பேருந்து, இவ்வளவு போதும். வெட்டிச் சீராக்கிய புல்தரையும் பெரிய பார்க்கிங்கும் வேண்டாம், மேய்ச்சல் தொடரட்டும். நம் தமிழ்க் குடும்பங்கள் அந்தக் கூட்டங்களுக்குப் போய் இரண்டு நிமிடம் பேசினால் நன்றாக இருக்கும். வீடு வேண்டும் என்பவர்கள் நகராட்சிக் கூட்டத்துக்கு வாருங்கள். டிரிடன் ரயில் நிலையத்தைச் சுற்றிக் காலியாகக் கிடக்கும் பார்க்கிங் இடங்களில் அடுக்குமாடி கட்டச் சொல்லிக் கேட்போம். வாடகை கொடுத்து மாளாத நானும் வருகிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
தெற்கு சான் ஹோசே, கலிபோர்னியா