கண் தானச் செய்தியோடு இதையும் போடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கண் தானம் பற்றி உங்கள் நாளிதழில் செய்தி வந்தால் போதும், அன்றைக்கே யாராவது ஒருவர் பேப்பரோடு என் கடைக்கு வந்துவிடுவார். "அண்ணாச்சி, ஒரு கண்ணு கிடைச்சா உங்களுக்கும் வச்சிரலாமாமே" என்று ஆசையாகக் கேட்பார். தானமாகக் கிடைக்கும் கண்ணிலிருந்து கருவிழியை மட்டும்தான் எடுத்து இன்னொருவருக்கு வைக்கிறார்கள். கருவிழி வெளுத்துப் பார்வை போனவர்களுக்கு அது பெரிய வரம். எனக்குப் பட்டுப்போனது கண் நரம்பு. கிளாக்கோமா. கண்ணுக்குள் அழுத்தம் ஏறி, வலி இல்லாமல், ஓரப் பார்வையை முதலில் தின்றுவிட்டது. போன நரம்பைத் திரும்பக் கொண்டுவர இன்று மருந்தும் இல்லை, ஆபரேஷனும் இல்லை.

சாத்தூரில் மளிகைக் கடை வைத்திருக்கிறேன். 52 வயதில் என் கண் முழுதாகப் போனது. "இதுக்கு மேல செய்ய ஒண்ணுமில்ல" என்று சொல்லி அனுப்பிவிட்டார் டாக்டர். மருத்துவம் முடிந்தது என்பது உண்மைதான். ஆனால் மறுநாள் காலையில் கொல்லைப்புறம் போவது எப்படி, கல்லாவில் உட்காருவது எப்படி என்று அந்த இடத்தில் ஒருவர்கூடச் சொல்லவில்லை. பத்து மாதம் வீட்டுக்குள்ளேயே கிடந்தேன். அந்தப் பத்து மாதத்துக்காகத்தான் இந்தக் கடிதம்.

என்னை எழுப்பியவர் ரயிலில் கடலைமிட்டாய் விற்கும் ஒரு தம்பி. பிறவியிலேயே பார்வை இல்லாதவர். எங்கள் கடையில் சரக்கு எடுப்பவர். நான் கிடப்பதைக் கேள்விப்பட்டு வீட்டுக்கே வந்தார். மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் மடக்குக் குச்சி இலவசமாகத் தருவார்கள் என்று அவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். நிமிர்ந்து நின்றால் குச்சி நெஞ்சுக்குழி வரைக்கும் வர வேண்டும். வலது காலை எடுத்து வைக்கும்போது குச்சி நுனி இடது பக்கம் தட்ட வேண்டும், இடது காலுக்கு வலது பக்கம். அடுத்த கால் விழப்போகும் இடத்தைக் குச்சி முன்கூட்டியே பார்த்துவிடுகிறது. இது பிடிபட எனக்கு மூன்று வாரம் ஆனது. பிறகு தெருமுனை டீக்கடைக்குத் தனியாகப் போய் வந்தேன். வந்ததும் என் மனைவி அழுதுவிட்டாள்.

இப்போது கல்லாவில் நான்தான் உட்காருகிறேன். புது நோட்டுகளில் 100 ரூபாய் 142 மில்லிமீட்டர், 200 ரூபாய் 146, 500 ரூபாய் 150. நான்கு மில்லிமீட்டர்தான் வித்தியாசம் என்றாலும், ஒரு நோட்டின் மேல் இன்னொன்றை விளிம்பு சேர்த்து வைத்தால் விரல் கண்டுபிடித்துவிடும். ஓரத்தில் மேடாகச் சாய்ந்த கோடுகளும் உண்டு. 100க்கு நான்கு, 500க்கு ஐந்து. 200க்கு நான்கு கோடும் நடுவில் இரண்டு வட்டமும். நோட்டு பழசாகிவிட்டால் கோடு தேய்ந்துவிடும். அப்போது ரிசர்வ் வங்கியின் 'மணி' செயலியைத் திறந்து நோட்டைக் கைபேசிக்குக் காட்டுவேன், அது சொல்லிவிடும். க்யூஆரில் பணம் போட்டால் கடையில் வைத்திருக்கும் ஸ்பீக்கர் பெட்டி தமிழிலேயே தொகையைச் சொல்கிறது. எலக்ட்ரானிக் தராசின் எண் எனக்கு உதவாது என்பதால் பரணில் கிடந்த தட்டுத் தராசை இறக்கி முத்திரை போட்டு வாங்கினேன். முள் நடுவில் நிற்பதை விரல் நுனியால் தொட்டுப் பார்த்துத்தான் பருப்பைக் கொட்டுகிறேன். இந்தக் கடிதமும் கைபேசியில் நானே பேசி எழுதியது. பிழையை மட்டும் மகள் திருத்தினாள்.

ஒரு வங்கியில் எனக்குச் செக் புத்தகம் தர மறுத்தார்கள். மனைவி பெயரையும் சேர்த்தால்தான் தருவோம் என்றார்கள். பார்வையற்றவர்களுக்குச் செக் புத்தகம், ஏடிஎம், லாக்கர் எதையும் மறுக்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2008 ஜூனிலேயே சுற்றறிக்கை அனுப்பியிருக்கிறது. அதைப் பிரிண்ட் எடுத்து மேனேஜர் மேசையில் வைத்தேன். அடுத்த வாரம் புத்தகம் வந்தது. இதே நிலையில் இருப்பவர்கள் தயங்காமல் கேளுங்கள்.

உதவ வருகிறவர்களுக்கும் ஒன்று. சாலையைக் கடக்க வைக்கிறேன் என்று என் கையையோ குச்சியையோ பிடித்து இழுக்காதீர்கள், தடுமாறிவிடுவேன். உங்கள் முழங்கைக்கு மேலே என்னைப் பிடித்துக்கொள்ளச் சொல்லி, அரை அடி முன்னால் நடங்கள். படி வந்தால் ஏறுகிறதா இறங்குகிறதா என்று சொல்லுங்கள். "யாருன்னு தெரியுதா" என்று குரலை வைத்துப் பரீட்சை வைக்காமல் பெயரைச் சொல்லிப் பேசுங்கள்.

கிளாக்கோமா குடும்பத்தில் வரக்கூடியது. எனக்கு வந்த பிறகு என் உடன்பிறந்த தம்பியைக் கூட்டிப்போய்ப் பார்த்ததில் அவனுக்கும் அழுத்தம் இருந்தது. தினமும் சொட்டு மருந்து விடுகிறான், அவன் பார்வை நிற்கிறது. வீட்டில் யாருக்காவது இருந்தால் கூடப்பிறந்தவர்களும் பிள்ளைகளும் கண்ணைப் பரிசோதித்துக்கொள்ள வேண்டும்.

ஆசிரியர் ஐயா, அடுத்த முறை கண் தானச் செய்தி போடும்போது, கருவிழி மாற்றினாலும் பார்வை வராதவர்களுக்கு மடக்குக் குச்சியும் மாற்றுத்திறனாளி அடையாள அட்டையும் எந்த அலுவலகத்தில் கிடைக்கும் என்று கீழே நான்கு வரி சேர்த்துப் போடுங்கள். கண் மருத்துவமனைகளும் "ஒன்றுமில்லை" என்று எழுதித் தரும் சீட்டிலேயே அந்த விவரத்தையும் எழுதித் தரட்டும்.

இப்படிக்கு,
மளிகைக் கடைக்காரர்,
சாத்தூர்.